கட்டைவிரல் பள்ளம்

"என்ன அண்ணி, இன்னிக்குக் கப்பா, இல்ல மிதிபட்ட தொப்பியா?"

சூளைக் கொட்டகையிலிருந்து கொழுந்தன் கத்தினான்.

மண் வனையும் சக்கரத்தின் முன்னால் இருந்த அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கேட்டியாம்மா? தினமும் இதே பாட்டு. அவனோட அண்ணன் உயிரோட இருந்தவரைக்கும் என் எதிர்ல நின்னு பேசாதவன். அவன் கொட்டகைப் பக்கம் இனிமே என் நிழல்கூட விழாது."

வாசலில் நின்ற டிசைனருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதுப் பீங்கான் கப் வரிசைக்கு அவள் அவனை விட்டுவிட்டு அண்ணியைத் தேர்ந்தெடுத்த வயிற்றெரிச்சல், வேறென்ன? 'ரெண்டு பேரையும் நான் பேச வைக்கட்டுமா?' என்று ஒருநாள் தன்மையாகத்தான் கேட்டாள். 'உங்க வேலையைப் பாருங்க மேடம்' என்று மூஞ்சியில் அடித்தாற்போல் சொன்னவன் அவன்.

அது கைப்பிடி இல்லாத கப். உருவத்தை வரைந்தது டிசைனர். "பிடி இல்லாம சுடுமேம்மா" என்று யோசித்து, ஈர மண்ணில் கட்டைவிரலை ஓர் அழுத்து அழுத்தி அந்தப் பள்ளத்தைக் கொண்டுவந்தது அக்கா. எடுத்தால் விரல் தானாக அதில் போய் உட்காரும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஓர் அட்டை: 'இந்தப் பள்ளம் ஒரே பெண்ணின் விரல் பதிந்தது.' அந்த வரியை எழுதியபோது டிசைனருக்கே சிலிர்த்தது.

அக்கா வனைந்தவை ஈரத்துணி மூடிய தட்டில் கொட்டகைக்குப் போகும்; சுட்ட கப்புகள் பெட்டியில் கட்டித்தான் வரும். மறுநாள் சரக்கு கிளம்ப வேண்டும். தன் அறையில் ஒரு பெட்டியைப் பிரித்து, ஆசையாக ஒரு கப்பில் டீ ஊற்றி எடுத்தாள்.

கப் நழுவியது. பாதி டீ மடியில்.

விரல் பள்ளத்தில் உட்காரவே இல்லை. பள்ளத்தின் சாய்வு எதிர்ப்பக்கம் போனது. சந்தேகத்தோடு இடது கைக்கு மாற்றினாள். அச்சில் வார்த்ததுபோல் உட்கார்ந்தது.

இன்னொரு கப். அதுவும் இடது. அடுத்த பெட்டி. அதிலும் இடது.

அக்கா வலதுகைக்காரி. இங்கே இடதுகைக்காரன் கொழுந்தன் ஒருவன்தான்.

கொட்டகைக்குள் புயலாக நுழைந்தாள். "இது யார் விரல்?"

"என்னுதுதான்." அவன் இமைக்கக்கூட இல்லை.

"அக்கா செஞ்சு அனுப்பினதெல்லாம் எங்கே?"

அவன் சூளையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஒரு பொம்பளையோட உழைப்பை ஒளிச்சு வெச்சுட்டு, உங்க சரக்கைச் சுட்டு அனுப்பறீங்களா? வெட்கமா இல்ல? இருங்க, இப்பவே அவங்களைக் கூட்டிட்டு வரேன்."

அதுவரை கல்லாக நின்றவன் பாய்ந்து வந்து வாசலை மறித்தான். "வேணாம் மேடம். கால்ல வேணும்னாலும் விழறேன்."

சூளைக்குப் பின்னால் இருந்த சாக்கை விலக்கினான்.

வரிசை வரிசையாகச் சுடாத கப்புகள். ஒன்று குடிகாரன்போல் சாய்ந்து நின்றது. ஒன்றின் விளிம்பு அலையலையாக இருந்தது. ஒன்றில் கட்டைவிரல் பள்ளத்தோடு நிற்காமல், சுவரையே துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்திருந்தது.

டிசைனர் குனிந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். "இதெல்லாம்... அக்காவா?"

"மாதிரி கப் செஞ்சதுக்கப்புறம் காய்ச்சல்ல படுத்தாங்கல்ல, எழுந்ததுலேருந்து விரல்ல உணர்ச்சி இல்ல மேடம். கண்ணும் மங்கிடுச்சு. ரெண்டும் ஒண்ணா வந்ததால அவங்களுக்கே தெரியல."

"எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்ல? அண்ணன் போனப்போ பாயை விட்டு எழுந்திருக்காமக் கெடந்தாங்க. அந்தச் சக்கரந்தான் எழுப்பி உக்கார வெச்சுது. அதையும் பிடுங்கவா?" கோணல் கப் ஒன்றின் மேல் படிந்த தூசியை மெல்ல ஊதினான். "இதுங்களைக் கரைச்சு மறுபடி மண்ணாக்கியிருக்கலாம். மனசு வரல."

"அப்படிப்பட்ட மனுஷன், அவங்களை ஏன் தினமும் அந்தப் பேச்சு பேசறீங்க?"

அவன் சாக்கை மறுபடி இழுத்து மூடினான்.

"சண்டை தீர்ந்துட்டா அண்ணி இந்தப் பக்கம் வந்துடுவாங்களே மேடம்."

அறைக்குத் திரும்பியவள் எல்லாப் பெட்டிகளையும் பிரித்தாள். அட்டைகளை ஒவ்வொன்றாக உருவித் தன் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. "ஏம்மா முகமெல்லாம் வெளிறிப் போச்சு?" என்றாள் அக்கா. "என்ன சொல்றான் அந்தப் பாவி?"

டிசைனர் பையைத் தோளில் இறுக்கிக்கொண்டாள்.

"அந்த ஆளு திருந்தாத ஜென்மம்க்கா. கொட்டகைப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காதீங்க."