ஒரே ஒரு கையெழுத்து

"கதவத் தொறங்க! அஞ்சு மணிக்கு ஆபீசப் பூட்டிடுவாங்க!"

மனுவோடு வீடு வீடாக ஓடினாள் மலர்விழி. ஆஸ்பத்திரி விரிவாக்கத்துக்காக அறுபது வருஷத்துப் பழைய ஊழியர் குவார்ட்டர்ஸ் பிளாக்கையே இடிக்கப்போகிறார்கள். ஆட்சேபம் சொல்ல இன்றுதான் கடைசி நாள்.

நேற்றுக் கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்திய செல்வகுமார், மனுவைப் படித்ததும் பின்வாங்கினார். "வீடு யாரு பேர்ல அலாட்மெண்ட்டுன்னும் எழுதணுமா? அப்புறம் பாக்கலாம்மா."

அடுத்த வீட்டில் திலகவதி, "வூட்டுக்காரரு ஷிப்ட்ல இருக்காருங்க" என்று கதவைச் சாத்தினாள்.

"கோஷம் போட வாய் இருக்குது, கையெழுத்துப் போடக் கை இல்லியா?" என்று தெருவில் நின்று கத்தினாள் மலர்விழி. ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை.

வெற்று மனுவோடு அலுவலகத்துக்குள் நுழைந்தபோது மணி நாலு ஐம்பது.

"ஒரே ஒரு கையெழுத்து இருந்தாலும் விசாரணை முடியறவரைக்கும் இடிக்க மாட்டோம். நீங்களே போடுங்கம்மா." அதிகாரி பேனாவை நீட்டினார்.

மலர்விழி பேனாவைத் தொடவில்லை.

"வூட்டுக்காரரு... ஷிப்ட்ல இருக்காரு சார்."

பிளாக்கிலேயே தன் வீடு ஒன்றுதான் அப்படி என்று இதுவரை நினைத்திருந்தாள். அவளுக்குத் தன் பேரிலுள்ள குவார்ட்டர்ஸை ஒன்பது வருஷமாகத் திருட்டுத்தனமாய் உள்வாடகைக்கு விட்டிருக்கும் கலியமூர்த்தி, மேல்பட்டாம்பாக்கத்துச் சொந்த வீட்டில் மாடி கட்டிக்கொண்டிருந்தார்.