கிளம்பாத மருமகள்

ஒரு ஊரில் ஒரு மாமியார், அவளுக்கு ஒரு மருமகள் என்று சொல்லத் தொடங்கினாலே போதும், கெட்டவள் யார் என்று கேட்பவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். சுனாமிக்கு முந்தின வருஷம், புதுப்பட்டினத்திலும் அப்படித்தான் முடிவு கட்டினார்கள்.

சதாசிவத்தின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தலையும் பிரித்தாயிற்று. வந்த சொந்தமெல்லாம் ஊர் திரும்பியது. அமெரிக்காவிலிருந்து வந்த மருமகள் ஸ்ரீதேவி மட்டும் கிளம்பவில்லை. திரும்பிப் போக டிக்கெட்டே போடவில்லை என்று தெரிந்ததும் தெருவுக்கு வாய் முளைத்துவிட்டது.

"அங்க துணி துவைக்க மிஷினு கீதாம். அத வுட்டுட்டு இங்க வந்து கல்லுல அடிச்சித் துவைக்குது. சும்மாவா துவைக்கும்?" என்றாள் பக்கத்து வீட்டுப் பார்வதம். "வூட்டுப் பத்திரம் கைக்கு வராம நகராது. நீ வேணா பாரு."

கேசவன் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள். விழுந்தது. கேசவன் செத்தவருக்கு மைத்துனன். திருப்போரூரில் மனை வாங்கி விற்பவன். பத்திரம் என்றால் தூக்கத்திலும் எழுந்து உட்காருவான்.

நேரே அக்காவிடம் போனான்.

"அக்கா, உம் மருமக எப்பக் கிளம்புது?"

சகுந்தலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "தெரியலடா. கேட்டா, 'இருக்கேனே அத்தை'ங்குது."

"அப்பன் சாவுக்கு வராதவன் பொண்டாட்டிய மட்டும் அனுப்பிக்கீறான். இதுல இன்னாமோ கீது."

"எம் புள்ளைய ஒண்ணும் சொல்லாத." சகுந்தலா நிமிர்ந்தாள். "அங்கயே தங்குறதுக்குக் குடுக்குற கிரீன் கார்டுக்கு அவன் எழுதிப் போட்டிருக்கான். அனுமதி வாங்காம அந்த நாட்ட வுட்டுக் கிளம்பினா, போட்ட மனுவே செத்துப்போயிடுமாம். திரும்ப உள்ள வுட மாட்டாங்களாம். கொள்ளி வைக்க முடியலியேன்னு அங்க கிடந்து துடிக்கிறான். ஸ்ரீதேவிதான் சொல்லிச்சி."

அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா ரெண்டு வாய் சோறு தின்கிறாள் என்று கேசவனுக்குத் தெரியும். கொள்ளி வைத்தது பங்காளி வீட்டுப் பையன். சதுரங்கப்பட்டினம் கடலில் சாம்பல் கரைத்ததும் அவன்தான். ஒற்றைப் பிள்ளையைப் பெற்றவளுக்கு அது லேசான விஷயமா?

கொல்லையில் ஸ்ரீதேவி மாமியாரின் புடவையை உலர்த்திக்கொண்டிருந்தாள். பக்கவாதத்தில் விழுந்த மாமனாருக்குக் கடைசிவரை கஞ்சி ஊட்டியவள் அவள்தான். ஊருக்கு அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

"ஏம்மா, ஊருக்குக் கிளம்பல?"

"இருக்கேனே சித்தப்பா."

"உம் புருஷன் அங்க ஒண்டியா கீறான். டிக்கெட்டு நான் போட்டுத் தரேன். இல்லயா, அச்சரப்பாக்கத்துல உங்கம்மா வூட்டுக்காவது போய்ச் சேரு. எங்கக்காவுக்கு யாரும் இல்லன்னு நெனைச்சிக்காத. நான் கீறேன்."

அவள் முகம் வெளுத்தது.

"அத்தையத் தனியா விட வேணாம்னு பார்க்கிறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் புடவையின் சுருக்கத்தை நீவத் தொடங்கினாள்.

சரியான கல்லுளிமங்கி என்று நினைத்தபடி வெளியே வந்தான் கேசவன். இவளிடம் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. பஸ் ஸ்டாண்டை ஒட்டியிருந்த டெலிபோன் பூத்துக்குப் போய் அமெரிக்காவுக்கே போன் போட்டான்.

ஹரிகிருஷ்ணன் தூக்கக் கலக்கத்தில் எடுத்தான்.

"மாப்ள, உம் பொண்டாட்டிய எப்பக் கூப்ட்டுக்கப் போற? ஊரு ஒரு மாதிரி பேசுது."

"நான் எங்க மாமா கூப்பிடறது? அவளாலதான் இப்ப உள்ள வர முடியாதே."

"இன்னாது?"

"அவ கார்டுக்குப் போட்ட மனு இன்னும் முடியல. அனுமதி வரட்டும், அதுக்கு முன்ன போகாதேன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். 'அதுவரைக்கும் உங்கப்பா இருக்க மாட்டார்'னு கிளம்பிட்டா. மனு போச்சு. இனிமே அங்கிருந்து புதுசாப் போடணும். எத்தனை வருஷம் ஆகுமோ."

கேசவன் பூத்துக் கதவை இழுத்துச் சாத்தினான். "அப்ப உன் மனு?"

"எனக்குப் போன வருஷமே கார்டு வந்துடுச்சே மாமா."

"வந்துடுச்சா? அப்பறம் நீ ஏன்டா வரல?"



"வேலைல அப்பதான் மேல தூக்கி விட்டிருந்தாங்க. அந்த நேரத்துல லீவு கேட்டா நல்லா இருக்காதுன்னு... அம்மாகிட்ட எப்படியாவது பக்குவமாச் சொல்லிடுன்னு ஸ்ரீதேவிகிட்ட சொல்லித்தான் அனுப்பினேன். சொன்னாளா மாமா?"

"சொல்லிட்டா," என்றான் கேசவன். "நீ தூங்கு."

அவன் பூத்துக்குப் போன சேதி அதற்குள் பார்வதம் வழியாக வீடு வந்து சேர்ந்திருந்தது. சகுந்தலா வாசலுக்கே வந்து நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் நின்ற ஸ்ரீதேவி, கேசவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹரிகிட்ட பேசினியாமே. புள்ளைக்குக் கார்டு வந்துச்சாமாடா?"

கேசவன் மருமகளை ஒருதரம் பார்த்தான்.

"இன்னும் வரலியாம்க்கா. வர முடியலியேன்னு ரொம்ப அழுவுறான்."

சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லும் வழக்கமில்லை. கேசவன் செருப்பை மாட்டிக்கொண்டு, தலை குனிந்தபடி, ஒன்றும் சொல்லாமல் நடந்தான்.