அம்மா இல்லாத மணப்பெண்

இணையத்தில் மணப்பெண் அலங்காரம் என்று தேடினால் எஸ்தரின் பெயர்தான் முதலில் வரும் என்று சொல்லி மிருதுளாவின் கம்பெனி அவளிடம் பணம் வாங்கியிருந்தது. விளம்பரம் எதையும் போடவில்லை. விளம்பரத்தைப் பார்த்து மாதக்கணக்கில் ஒருத்தரும் கூப்பிடவில்லை, நிறுத்திக்கொள்கிறேன் என்று எஸ்தர் சொன்னதும், "ஒரு கல்யாணம் புக் பண்ணிவிடு" என்றார் மேனேஜர். மிருதுளாவுக்கு அதுதான் வேலை. வேறொரு நம்பரிலிருந்து, கல்யாணப்பெண்ணின் வெட்கத்தோடு பேசினாள். "உங்க விளம்பரத்தைப் பாத்தேன்க்கா. எனக்கு அம்மா இல்ல. நீங்கதான் அழகா பண்ணிவிடணும்." எஸ்தரின் குரல் இளகிவிட்டது. "அன்னைக்கு வேற கல்யாணம் ஒண்ணு இருக்கும்மா. அதை வேண்டாம்னு சொல்லிடறேன்."

முகூர்த்தத்தன்று விடிந்ததிலிருந்து அந்த நம்பர் அடித்துக்கொண்டே இருந்தது. மிருதுளா எடுக்கவில்லை. வெயில் ஏறியதும் எஸ்தர் கம்பெனிக்கே கூப்பிட்டாள். மிருதுளா குரலைக் கட்டையாக்கிக்கொண்டு எடுத்தாள்.

"உங்க விளம்பரத்தைப் பாத்துக் கூப்பிட்ட பொண்ணு சொன்ன மண்டபத்துல வேற யாருக்கோ கல்யாணம் நடக்குதும்மா."

"அதுக்கு நாங்க என்னக்கா பண்றது? விளம்பரத்தைப் பாத்துத்தானே கூப்பிட்டாங்க? அப்ப விளம்பரம் வேலை செய்யுதுல்ல?"

"செய்யுதும்மா. நான் அதுக்குக் கூப்பிடல. அந்தப் பொண்ணு போனை எடுக்கவே மாட்டேங்குது. கல்யாணம் நின்னுபோச்சோ என்னவோ. தாயில்லாத பொண்ணு, ஏதாச்சும் பண்ணிக்கிட்டா? அவ விலாசம் உங்ககிட்ட இருக்குமா?"

எதிரே நின்ற மேனேஜர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டினார்.

"தேடித் தர்றேன்க்கா," என்றாள் மிருதுளா. "அடுத்த வருஷத்துக்கும் இப்பவே கட்டிட்டீங்கன்னா சீக்கிரம் எடுத்துடலாம்."