பன்னிரண்டு நிமிடம்

“இவனுக்கு எவ்வளவு கொழுப்பு இருக்கணும்!” என்று பல்லைக் கடித்தபடி, மனிதவள மேலாளர் அந்தத் தாளின் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தார்.

ஆண்டு விழா நகைச்சுவை மேடைக்கு வந்த பதினாலு தாள்களில் அது ஒன்று. போன வருடம் யாரோ நிறத்தைக் கிண்டலடிக்கப் போய், வரவேற்பில் இருந்த பெண் அழுதுகொண்டே வேலையை விட்டுவிட்டாள். அதனால் இந்த வருடம் புது ஏற்பாடு. யாரும் எதையும் எழுதலாம்; ஆனால் பெயர் கூடாது, எண் மட்டும்தான். எவர் மனமும் நோகாத தாளுக்கே மேடை.

ஏழாம் எண் ஆசாமியோ, திக்குவாய்க்காரன் முடிவெட்டப் போன கதையை எழுதியிருந்தான். ‘போதும்’ என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் தலை மொட்டை! படித்ததும் மேலாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதனாலேயே கோபம் இரட்டிப்பானது. போதாக்குறைக்கு, ஒரே பக்கத் தாளுக்குப் பன்னிரண்டு நிமிடம் வேண்டுமாம். மற்றவர்கள் மூன்று, நான்கு என்று அடக்கமாகக் கேட்டிருந்தார்கள்.

சந்தேகமே இல்லை, விற்பனைப் பிரிவில் ஓயாமல் பேசும் ‘மைக்செட்’ வேலைதான். ஆளைக் கூப்பிட்டு விட்டார்.

“சத்தியமா நான் எழுதலை மேடம்! எதை வேணா எழுதலாம்னு சொல்லிட்டு இப்படி மிரட்டுறீங்களே?”

“சுதந்திரம் உன் வாய்க்கு மட்டும்தானா? ஸ்டோர் அண்ணன் கேட்டா அவர் மனசு என்ன பாடுபடும்?”

மைக்செட் வாயை மூடிக்கொண்டான். அந்த அலுவலகத்தில் அது முதல் தடவை.

ஸ்டோர் அண்ணனுக்குத் திக்குவாய். பதினொரு வருடமாக விழாவுக்கு நாற்காலி எடுத்துப் போடுவதோடு சரி, மேடைப் பக்கம் போனதில்லை. மேலாளருக்கு அவர்மேல் தனிப் பாசம். அவர் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல், மீதி வாக்கியத்தைத் தானே சொல்லி முடித்துவிடுவார்.

நல்ல சேதியை நேரில் சொல்ல ஸ்டோருக்கே போனார்.

“அண்ணே, உங்களை மாதிரி ஆளுங்களை வெச்சு ஒருத்தன் ஜோக் எழுதியிருந்தான். அடிச்சுத் தூக்கிப் போட்டுட்டேன்!”

அண்ணனின் கையிலிருந்த பேனா நின்றது. “அ... அ...”

“அவன் யாருன்னு கேக்கறீங்களா? மைக்செட்தான்!”

இல்லை என்று தலையசைத்தார். “மே... மே...”

“மேலிடத்துக்குப் புகார் வேண்டாங்கறீங்களா? உங்களுக்குத் தங்கமான மனசுண்ணே!”

அவர் முகம் தொங்கிப்போனதைக் கண்டு மேலாளருக்கு இன்னும் ஆத்திரம். “ஒரே பக்கம் எழுதிட்டு பன்னெண்டு நிமிஷம் கேக்கறான்! இதைப் பேச யாருக்குண்ணே பன்னெண்டு நிமிஷம் ஆகும்?”

அண்ணன் அவரையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது, உதட்டோரம் மட்டும் ஒரு சிரிப்பு. இந்த முறை எடுத்துக்கொடுக்க மேலாளரிடம் வார்த்தை எதுவும் இல்லை. முதல் தடவையாகக் காத்திருந்தார்.

“எ... எ... எனக்கு அதுவே ப... பத்தாது மேடம்.”