யாரும் போகாத இடங்கள்

“ஊர் உலகமே அரண்மனையைப் பார்க்க வருது. நாம பூட்டைப் பார்க்க வந்திருக்கோம்!”

மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கணவன் காதில் விழாதவன்போல, பழைய பூட்டுகள் வைத்திருந்த அந்தச் சின்ன அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தான். அவள் அப்பா, ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிதானமாக உள்ளே போனார்.

அவருக்காகத்தான் இந்தப் பயணமே. அரண்மனைக் கோபுரத்தின் உச்சியில் நின்று கீழே ஓடும் ஆற்றைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை.

வந்த அன்றே, “டிக்கெட் விலை ஜாஸ்தி மாமா. அதை வெளியில இருந்தே பார்த்துக்கலாம். டூரிஸ்ட் கண்ணுல படாத இடமா நான் காட்டறேன், செலவும் கம்மி” என்று சொல்லிவிட்டான் மாப்பிள்ளை.

அப்புறம் ரயில் ஓடாத ரயில் நிலையம். அடுத்து, கண்ணாடிக் கூரை போட்ட ஒரு தோட்டம். இன்றைக்குப் பூட்டு.

“நல்லாத்தானேம்மா இருக்கு?” என்றார் அப்பா, ஒரு பூட்டின் முன்னால் வெகுநேரம் நின்றபடி.

“நீங்க எதைக் காட்டினாலும் நல்லாருக்கும்பீங்க.”

கஞ்சத்தனம் என்றால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் கணக்கு உதைத்தது. பேருந்து வாசலிலேயே நிற்க, இவன் டாக்சியைக் கூப்பிட்டான். தங்கும் விடுதியில், சமையல்கட்டுப் புகை நேராக வந்து மூக்கில் ஏறும் தரைத்தள அறையை எடுத்திருந்தான்.

“அதே வாடகைக்கு மாடியில ஆறு தெரியற மாதிரி ரூம் இருக்காமே? கவுன்ட்டர்ல சொன்னாங்க.”

“கீழேயே இருக்கட்டும்.”

“ஏன்?”

“எனக்குப் பிடிச்சிருக்கு.”

அதோடு தினமும் விடிந்ததும் விடியாததுமாக ‘வாக்கிங்’ என்று கிளம்பிவிடுகிறான். சொந்த ஊரில் அடித்து எழுப்பினாலும் எழுந்திருக்காத மனுஷன்!

கல்யாணத்துக்கு முன்னால் அவன் இதே ஊரில் வேலை பார்த்தவன் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்படி யாரைப் பார்க்கப் போகிறான்?

அன்று சாயங்காலம், விடுதித் தாழ்வாரத்தில் அவன் போனில் குசுகுசுத்தது காதில் விழுந்தது. “வீட்ல யாருக்கும் தெரியக் கூடாதுங்க மேடம். காலைல நேர்லயே வந்துடறேன்.”

மேடமாமே, மேடம்!

சாப்பாட்டு மேஜையில் வெடித்துவிட்டாள்.

“நாளைக்கு ஊருக்குக் கிளம்பணும். வாழ்க்கையில ஒரே ஒரு தடவை எங்கப்பா ஆசைப்பட்டுக் கேட்டது அந்தக் கோபுரம். அதுக்குச் செலவு பண்ண உங்களுக்கு மனசு வரலை, இல்ல?”

அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“விடும்மா” என்ற அப்பா, சட்டைப்பையில் கைவிட்டார். “மாப்பிள்ளை, டிக்கெட் எல்லாருக்கும் நானே எடுத்துடறேன். இதுல என்ன கூச்சம்?”

அவன் முகம் சுண்டிப்போனது. “அதுக்கில்லை மாமா... காலைல பார்த்துக்கலாம்.”

“மாமனார் காசுல ஊர் சுத்தற நிலைமைக்கு வந்தாச்சு” என்றாள் அவள், பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி.

அவன் மாமனாரின் டம்ளரில் தண்ணீர் ஊற்றினான். தப்புச் செய்தவன்தானே வாயை மூடிக்கொண்டிருப்பான்?

மறுநாள் விடியற்காலை அவன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பூனைபோல வெளியேறினான். அவளும் போர்வையை உதறிவிட்டுப் பின்தொடர்ந்தாள்.

ஆள் நடமாட்டமில்லாத தெருக்களில் விறுவிறுவென்று நடந்தான். நேராக அரண்மனைக்கு. ஆனால் முன்வாசலுக்குப் போகவில்லை. மதிலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம், ஒரு சின்ன இரும்புக் கதவைத் தட்டினான்.

கதவு திறந்தது. ஒரு பெண். சிரித்த முகம். அவனைப் பார்த்ததும், “வந்துட்டீங்களா? உங்களுக்காகத்தான் காத்திருக்கேன்” என்றாள்.

மனைவி சட்டென்று குனிந்தாள். நிறுத்தியிருந்த ஒரு வேனுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். ‘இன்னைக்குக் கையும் களவுமா...’ ஓர் அடி முன்னால் வைத்தாள்.

அந்தப் பெண்ணின் கழுத்தில் அரண்மனை ஊழியர் அட்டை தொங்கியது.

“பெரிய அதிகாரிகிட்ட பேசிட்டேன் சார். சாமான் ஏத்தற லிஃப்ட்ல உங்க மாமனாரைக் கோபுரத்து மேல வரைக்கும் கூட்டிட்டுப் போகலாம். ஆமா, அவரால ஒரு மாடிகூட ஏற முடியாதா?”

“படியேறினா இதயம் தாங்காதுன்னு டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு. அவர் டிரில் மாஸ்டரா இருந்தவருங்க. இன்னும் ஓடத் தயார்னு நினைச்சுக்கிட்டிருக்காரு. ‘உங்களால முடியாது’ன்னு அவர்கிட்ட யார் சொல்றது?”

“உங்க வீட்ல அவங்களுக்குமா தெரியாது?”

“அவளுக்குத் தெரிஞ்சா அழுதே காட்டிக் கொடுத்துடுவா. அதான் ஒவ்வொரு இடமா முன்னாடியே போய், படி இல்லாத இடமாப் பார்த்துக் கூட்டிட்டுப் போனேன்.”

“ஒண்ணு சார்... அது பழைய லிஃப்ட். சில நாள் மக்கர் பண்ணும்.”

“அப்படின்னா வாசல்லயே எனக்குக் கண்ணைக் காட்டிடுங்க மேடம்” என்றான் அவன். “டிக்கெட் விலை ஜாஸ்தின்னு சொல்லி எல்லாரையும் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடறேன்.”