இன்னும் பத்து வரி

ஆக்லாந்து மாலைப் பத்திரிகையின் வெளிநாட்டுப் பக்கத்தை முடிக்க அரை மணி நேரமே இருந்தது. அமெரிக்க நடிகை ஒருத்தி இருபத்திரண்டு வயதில் கார் விபத்தில் இறந்த செய்தியை உதவி ஆசிரியர் தவராசா நீட்டிக்கொண்டே இருந்தார்.

"இன்னும் பத்து வரி வேணும், முருகையா."

பக்கம் அமைக்கும் மலேசியாக்காரர் முருகையா சிரித்தார். "என்னண்ணே, நடிச்சதே மூணு படம். அதுல ஒண்ணு ஆக்லாந்துக்கு வரவே இல்ல. எழுத என்ன இருக்கு?"

"பள்ளிக்கூட நாடகத்தில நடிச்சது இருக்கு. ஒன்பது வயசில சவர்க்கார விளம்பரத்தில வந்தது இருக்கு. வளர்த்த நாயின்ர பேரும் இருக்கு."

"நாய் வேறயா! அண்ணிக்குத் தெரியுமா இந்தக் காதல்?"

"படத்தையும் பெரிசாப் போடும்."

"அப்ப கீழ இருக்கிற சின்னச் செய்தியைத் தூக்கணும்ணே."

"தூக்கும்."

அவள் நடித்த படம் ஒன்றைக்கூடத் தவராசா பார்த்ததில்லை.

மவுண்ட் ஆல்பர்ட் வீட்டில் அவர் மனைவி ரதிதேவி, போர் நடக்கும் தன் ஊரின் செய்தி தேடித்தான் தினமும் பத்திரிகையை விரிப்பாள். இன்று நடிகையின் படத்தில் வந்து நின்றாள்.

"இருபத்திரண்டு வயசாமப்பா. தாய் எப்பிடித் தாங்குவாள்?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லகாலம், இண்டைக்கு ஊரைப்பற்றி ஒண்டும் இல்லை. அம்மா ஆக்கள் இப்ப கோயிலிலதான் படுக்கினமாம். அங்க பயமில்லை."

"ஓம்," என்றார் தவராசா.

தூக்கிய செய்தி நாலே வரி. ரதிதேவியின் ஊர்க் கோயிலில் குண்டு விழுந்தது. உள்ளே தங்கியிருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை.