ஆறரை மணிப் புகை

கருங்கல் ஊரில் காற்றின் மாசை அளக்கும் பெட்டியைத் தாணம்மாள் வீட்டு மொட்டைமாடியில் வைத்த நாளிலிருந்து, பக்கத்து ரொட்டிக்கடை ஜெபதாசுக்கு நிம்மதி போயிற்று.

மாவட்டத்தில் பன்னிரண்டு ஊர்களில் அந்தப் பெட்டி உண்டு. மற்ற இடங்களில் மாசின் அளவு அடக்க ஒடுக்கமாக இருந்தது. இங்கே மட்டும் தினமும் மாலை ஆறரைக்கு விர்ரென்று ஏறி, பஸ் நிலையத்தையே தோற்கடித்தது.

"உங்க விறகு அடுப்புதான் காரணம்னு ஆபீஸ்ல நினைக்காங்க அண்ணா," என்றாள் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசிலிருந்து அளவெடுக்க வந்த ஸ்மைலின். "ஏழாவது நாளும் ஏறினா அடுப்பை மூடச் சொல்லிருவாங்க."

நான்காம் நாள் மாலை ஜெபதாஸ் அடுப்பை அணைத்தார். எண் ஏறியது. ஐந்தாம் நாள் காலையிலிருந்தே பற்றவைக்கவில்லை. அப்போதும் ஏறியது. ஆறாம் நாள், பழைய ரஸ்க் வாங்க வந்தவர்களைக்கூட பைக்கை அணைத்து முக்கு வரை தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். அன்றைக்குத்தான் எண் எல்லா நாளையும்விட அதிகம்.

"இது அந்தம்மாவுக்க வேலைதான்," என்றார்.

தாணம்மாளின் கோழி அவருடைய மாவு மூட்டையில் ஏறி, அவர் அதை ரோடு வரை துரத்தியதிலிருந்து இரண்டு வருஷமாக இரு வீட்டுக்கும் பேச்சில்லை. அடுப்பை மூடவைக்க அவள் மாடியில் குப்பை எரிக்கிறாள் என்று சத்தியம் செய்யவே அவர் தயாராக இருந்தார்.

ஏழாம் நாள் மாலை ஆறேகாலுக்கு அவரும் ஸ்மைலினும் ரொட்டிக்கடை மாடியில் ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கினார்கள். ஜெபதாசின் வயிறு மட்டும் தொட்டிக்கு வெளியே நின்றது. ஸ்மைலின் சிரிப்பை அடக்கத் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். அவள் கைப்பேசியில் எண் முப்பத்தெட்டு.

சரியாக ஆறரைக்குத் தாணம்மாள் அடுத்த மாடிக்கு வந்தாள். கையில் புகை.

"பாத்தியா?" என்று கிசுகிசுத்தார் ஜெபதாஸ்.

புகைந்தது குப்பை இல்லை. சாம்பிராணி.

தாணம்மாள் பெட்டியை ஒருதரம் சுற்றி வந்தாள். கைப்பேசியில் எண் நூற்றிருபது. இரண்டாம் சுற்றில் இருநூற்றெண்பது. மூன்றாம் சுற்றில் நானூறைத் தாண்டியது.

பிறகு தூபக்காலைப் பெட்டியின் முன்னால் இறக்கி வைத்தாள். கைகூப்பிக் கண்களை மூடிக்கொண்டாள்.

"எப்பா மெஷினே, அந்த மனுசன் மூணு நாளா அடுப்பே பத்த வைக்கல்ல. ரெண்டு பிள்ளைகளப் படிக்க வைக்காரு. இன்னைக்காவது நல்ல நம்பரா காட்டி அவருக்க அடுப்பக் காப்பாத்திக் குடு, கேட்டியா."